விரலில் சூப்பர் குளூ: ஒட்ட வைப்பதும் தண்ணீர், பிரித்து விடுவதும் தண்ணீர்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “உடைந்த பொருளை ஒட்டப் போய் என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. நெயில் பாலிஷ் ரிமூவர் ஊற்றிப் பார்த்தேன், அசையவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை வைத்திருந்தபோது மெல்லக் கழன்று வந்துவிட்டது. பசையைக் கரைக்கும் திரவம் தோற்று, வெறும் தண்ணீர் எப்படி ஜெயித்தது?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரிமூவர் விஷயம் எளிது, அதற்குப் பிறகு வருகிறேன். தண்ணீர் விஷயம்தான் ரசிக்க வேண்டியது. ஏனென்றால், அந்த இரண்டு விரல்களையும் முதலில் ஒட்டியதே தண்ணீர்தான்.

இப்போதே விரல் ஒட்டிக்கொண்டு அவசரத்தில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இழுக்காதீர்கள், பிளேடு வைத்துச் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை ஊறவிட்டுக்கொண்டே மிச்சத்தைப் படிக்கலாம்.

சூப்பர் குளூ குப்பிக்குள் இருப்பது சயனோஅக்ரிலேட் என்ற திரவம். பெரும்பாலும் அதன் எத்தில் வகை. சின்னச் சின்ன மூலக்கூறுகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருக்கும். அவை கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிட்டால் திரவம் திடமாகிவிடும். பள்ளிப் பாடத்தில் படித்த பாலிமர் கதைதான். ஆனால் மற்ற பாலிமர்கள் பலவற்றுக்கும் வெப்பமோ வினையூக்கியோ கலவைக் கருவியோ வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம். காற்றிலிருந்து வந்து எல்லாப் பொருள்களின் மேலும் படிந்திருக்கும், கண்ணுக்கே தெரியாத ஈரப் படலம் போதும்.

அது எப்படி என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்த மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அதில் ஒரு கார்பனின் மேல் இரண்டு தொகுதிகள் உட்கார்ந்திருக்கின்றன: ஒன்று சயனோ, இன்னொன்று எஸ்டர். இரண்டுமே எலக்ட்ரான்களைத் தங்கள் பக்கம் இழுப்பவை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று இழுப்பதால், இரட்டைப் பிணைப்பின் மறுமுனையில் உள்ள கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கிக் கிடக்கிறது. எலக்ட்ரான் தரத் தயாராக யார் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். நீர் அதைத் தரும். நீரில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஹைட்ராக்சைடு அயனி இன்னும் தாராளமாகத் தரும். தோலின் புரதங்களில் இருக்கும் நைட்ரஜன் தொகுதிகளும் தரும்.

அப்படி ஒன்று வந்து சேர்ந்ததும் அந்த எதிர்மின்சுமை மூலக்கூறின் அடுத்த முனைக்குத் தள்ளப்படுகிறது. இப்போது அந்த முனையே எலக்ட்ரான் தரக்கூடியதாகிவிட்டது. அது பக்கத்து மூலக்கூறைத் தாக்குகிறது, சுமை மறுபடி நுனிக்குப் போகிறது, அது அடுத்ததைத் தாக்குகிறது. எவ்வளவு நீண்டாலும் சங்கிலியின் நுனி உயிரோடுதான் இருக்கும். ஏதாவது அமிலம் வந்து அந்தச் சுமையை அணைத்தால்தான் நிற்கும். அதனால்தான் துளியிலும் துளியான ஈரம் போதுமானதாகிறது. ஒரே ஒரு தொடக்கம், அதிலிருந்து ஆயிரக்கணக்கான இணைப்புகள், எல்லாம் சில விநாடிகளில். குப்பிக்குள் இது நடக்காமலிருக்க, உற்பத்தி செய்பவர்களே அமிலத்தன்மையுள்ள பொருள் கொஞ்சம் கலந்து வைக்கிறார்கள். மெல்லிய படலமாகப் பரப்பினால் சட்டென்று இறுகுவதும், தடிமனாக ஊற்றினால் நெடுநேரம் இறுகாமலே கிடப்பதும் ஈரத்தை நம்பியிருப்பதால்தான். ஈரம் விளிம்பிலிருந்துதானே உள்ளே வர வேண்டும்?

இவ்வளவு அருமையான வேதியியல் ஒரு முறை குப்பைக்குப் போனது என்பது பலருக்குத் தெரியாது. 1942-இல், ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் துப்பாக்கிகளுக்கான தெளிவான பிளாஸ்டிக் குறிநோக்கிகளுக்காகப் பொருள் தேடிக்கொண்டிருந்தார். சயனோஅக்ரிலேட் கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை தந்ததால் ஒதுக்கிவிட்டார்கள். 1951-இல் ஜெட் விமானங்களின் விதானத்துக்கு (விமானியின் தலைக்கு மேலுள்ள தெளிவான மூடிக்கு) வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தேடியபோது, கூவரின் குழுவிலிருந்த ஃப்ரெட் ஜாய்னர் அதே பொருளை, ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானியின் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு நடுவே வைத்து அளந்தார். பட்டகங்கள் பிரியவே இல்லை. இது ஒரு அருமையான பசை என்று அப்போதுதான் கூவருக்கு உறைத்தது. 1958-இல் பசை விற்பனைக்கு வந்தது. இரண்டு முறையும் அவர்கள் தேடியது வேறு, கிடைத்தது வேறு. “இந்த ஆய்வால் என்ன பயன் என்று முதலிலேயே எழுதிக் கொடு” என்று கேட்டுவிட்டு நிதி ஒதுக்குகிற அமைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பட்டகங்கள்தான் நினைவுக்கு வரும். பயனை முன்கூட்டிச் சொல்ல முடியாத ஆய்வுக்கும் கொஞ்சம் பணமும் நேரமும் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தோலுக்குத் திரும்புவோம். பசை உங்களை ஒட்டவில்லை. உங்களுடைய இறந்த செல்களை ஒட்டியிருக்கிறது. தோலின் ஆக வெளிப்புறத்தில், கெரட்டின் என்ற புரதம் நிரம்பிய தட்டையான செத்த செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. உடலின் பெரும்பகுதியில் இந்த அடுக்கின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு); விரல்நுனியிலும் உள்ளங்கையிலும் பல மடங்கு அதிகம். இந்த அடுக்கு நாள்தோறும் மேலிருந்து உதிர்ந்துகொண்டும் கீழிருந்து புதிதாக வந்துகொண்டும் இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் சில நாள்களில் பசை செத்த செல்களோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். பலவந்தமாக இழுக்கும்போதுதான் சிக்கல். பசையின் பிடி, செல்களுக்கு இடையிலான பிடியைவிட வலுவாக இருந்தால், கிழிவது பசையாக இருக்காது, தோலாக இருக்கும்.

இனி தண்ணீர் செய்யும் வேலை. பசை இறுகிவிட்டால் அது கண்ணாடி மாதிரி விறைப்பானது, நீட்டினால் நீளாது. செத்த செல் அடுக்கு அப்படியில்லை. கெரட்டின் தண்ணீரை உறிஞ்சும், உப்பும், இளகும். (தண்ணீரில் ஊறிய விரல்நுனி சுருங்குவதும் இதனால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நடப்பது. நரம்பு அறுபட்ட விரல் அப்படிச் சுருங்காது.) தோல் உப்புகிறது, பசை உப்ப மறுக்கிறது. இரண்டும் ஒட்டியிருக்கும் எல்லையில் இழுபறி உண்டாகி, விளிம்பு மெல்லத் தூக்கிக்கொள்கிறது. சோப்பு இந்த இடத்தில் கைகொடுக்கிறது: நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, அந்த மெல்லிய இடுக்குக்குள் நீரை நுழையவிடுகிறது, வழுக்கலும் தருகிறது. சங்கிலியைத் தொடங்கிவைத்த அதே நீர், சங்கிலி முடிந்த பிறகு அதன் அடியில் புகுந்து தூக்குகிறது. வாசகருடைய விரல்கள் கழன்றது இப்படித்தான்.

விளிம்பு தூக்கியதும் எப்படிப் பிரிக்கிறோம் என்பதும் முக்கியம். சயனோஅக்ரிலேட் நேராக இழுத்தால் பெரும் எடையைத் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால் பரிதாபமாகத் தோற்கும். நேராக இழுக்கும்போது விசை ஒட்டிய பரப்பு முழுவதும் பகிரப்படுகிறது. உரிக்கும்போது அத்தனை விசையும் ஒரே கோட்டில் குவிகிறது, விறைப்பான பசை அந்தக் கோட்டில் வெடித்து விரிசல் முன்னேறுகிறது. புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களை மூலையிலிருந்து பிரிப்போமே, அதே மாதிரி. விரல்களுக்கு நடுவே பென்சிலையோ கரண்டியின் மழுங்கிய காம்பையோ விட்டு, சோப்புத் தண்ணீருக்குள்ளேயே மெல்ல உருட்டிக்கொண்டு போங்கள். வலித்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஊறவிடுங்கள்.

சரி, ரிமூவர் ஏன் தோற்றது? காய்ந்த இந்தப் பசையைத் தளர்த்துவது அசிட்டோன். பசையின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளவில்லை. அசிட்டோனின் சிறிய மூலக்கூறுகள் அவற்றுக்கு இடையே புகுந்து சங்கிலிகளை விலக்கும்போது பசை வீங்கி, குழைந்து, கழன்றுவிடும். ஆனால் இப்போது விற்கும் ரிமூவர்கள் பலவற்றில் அசிட்டோனே கிடையாது. தோல் வறளாமலிருக்க எத்தில் அசிட்டேட் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நகப்பூச்சுக்கு அது போதும், இந்தப் பசையிடம் அதன் வேகம் குறைவு. வாசகரின் குப்பியிலும் அசிட்டோன் இல்லாமல் இருந்திருக்கலாம். லேபிளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அசிட்டோன் கையில் இருந்தாலும் கவனம் தேவை. தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே கரைத்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும். அடுப்பு, விளக்கு அருகே வேண்டாம். காயத்தின் மேல், கண்ணருகே, வாயருகே கூடவே கூடாது. வேலை முடிந்ததும் கையைக் கழுவி எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். அசிட்டோனுக்குப் பதில் பெட்ரோல், தின்னர் என்று யோசனை சொல்பவர்களைக் கேட்காதீர்கள். தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல், தீ அபாயமும் உண்டு.

ஈரமான பசை கொட்டிவிட்டால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக் கூடாது. இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாருக்கும் இயல்பாகத் தோன்றுவது துடைப்பதுதான். சங்கிலி சேரும் ஒவ்வொரு இணைப்பும் வெப்பத்தை வெளியிடுகிறது. பருத்தி இழைகள் ஈரத்தைத் தாங்கியிருப்பவை, அவற்றின் மொத்தப் பரப்பும் மிகப் பெரியது. பசை அதில் ஊறியதும் வினை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தொடங்கி, தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும், புகைகூட வரும். உடுத்திய துணியில் கொட்டிவிட்டால் உடனே நிறையக் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் துணியை இழுக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இதுவரை சொன்னது சயனோஅக்ரிலேட்டுக்குத்தான். இரண்டு திரவங்களைக் கலந்து ஒட்டும் எப்பாக்சி பசையில் சங்கிலிகள் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டுக்கொள்வதால், இறுகிய பிறகு அசிட்டோனும் அதைக் கரைக்காது. இறுகும் முன்பே துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் விட்டுச்செல்லும் பிசுபிசுப்புக்கு எண்ணெய் போதும்.

உதடு ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான நீரும் எச்சிலுமே போதும். உள்ளிருந்து எச்சிலால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. கண் வேறு கதை. கண்ணீர் நிறைந்த இடம், பசை விழுந்த நொடியில் இறுகிவிடும், இமைகள் ஒட்டிக்கொள்ளும். அங்கே அசிட்டோனும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், இமையைப் பிரிக்கும் முயற்சியும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரால் அலசி, ஈரத் துணியால் லேசாக மூடிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். இப்படிக் கண்ணில் பசை விழுந்த விபத்துகள் பலவும் கண் சொட்டு மருந்து என்று நினைத்து ஊற்றிக்கொண்டதால் நடந்தவை என்று மருத்துவ இதழ்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகின்றன. இரண்டு குப்பிகளும் அதே அளவு, அதே கூர்மூக்கு. பசைக் குப்பியின் வடிவத்தை மாற்றச் சொல்லி உற்பத்தியாளர்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, மருந்து வைக்கும் அலமாரியில் பசைக் குப்பி இருந்தால் இன்றே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.