விலை கூடிய கிதாரில் கூடுவது என்ன?

அக்கா மகன் குமரிக் கடற்கரையில் முட்டம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறான். இத்தனை நாளும் மரக் கிதார்தான். இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் எலெக்ட்ரிக் கிதார் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பனின் அண்ணனிடம் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் செய்தது, விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதை இரண்டு நாள் இரவல் வாங்கி வந்தான். அதே வடிவத்தில் வேறொரு கம்பெனி செய்த முப்பதாயிரத்துக்கும் குறைந்த கிதார் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றி வாசித்தான்.

“மாமா, ரெண்டுக்க சத்தமும் ஏறக்குறைய ஒண்ணு போலத்தானே இருக்கு. பின்ன எதுக்கு இவ்வளவு வெல?”

“கண்ண மூடிட்டு ரெண்டு நெக்கயும் தடவிப் பாரு மக்ளே.”

விரல் ஓடும் அந்த நீண்ட கழுத்துப் பகுதியைத் தடவினான். விலை கூடியது புழங்கிப் பழகிய அரிவாள் பிடிபோல வழுவழுவென்று இருந்தது. மற்றதில், நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் என்ற உலோகக் கீற்று ஒவ்வொன்றின் முனையும் ரம்பப் பல் மாதிரி உள்ளங்கையைக் கீறியது. அவன் கேள்விக்குப் பாதி பதில் அந்த விரல் நுனியிலேயே இருக்கிறது. மீதிப் பதிலுக்கு, சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரக் கிதாரில் கம்பியின் அதிர்வு, அதைத் தாங்கும் பாலம் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. பலகை காற்றை அசைக்கிறது, நமக்குக் கேட்கிறது. அங்கே மரம்தான் சத்தம். தஞ்சாவூர் வீணைக்கு முற்றிய பலா மரம் தேடுவதும் அதனால்தான். எலெக்ட்ரிக் கிதாரில் கதை வேறு. கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் காற்றின் அசைவைக் கேட்பதில்லை. இரும்பின் அசைவை உணர்கிறது. பிக்கப்புக்குள் ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி, ஏறக்குறைய 8000 சுற்று. பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டர் வரும். காந்தம் தன் மேலே இருக்கும் கிதார் கம்பியையும் லேசாகக் காந்தமாக்கிவிடுகிறது. கம்பி அதிரும்போது சுருளுக்குள் காந்தப் புலம் கூடிக் குறைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. நம் மின்வாரியத்துக்குப் கோதையாறு நீர்மின் நிலையத்தில் இருந்தோ முப்பந்தல் காற்றாலையில் இருந்தோ கரண்ட் வந்தாலும், பின்னால் இருப்பது இதே விதிதான்.

சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பைப் போட்டு, பிக்கப்புக்கு மேலே தொடாமலே ஒரு ஸ்டீல் ஸ்க்ரூடிரைவரை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் ‘டும்’ என்று கேட்கும். நைலான் கம்பி மாட்டிய கிதாருக்கு இந்தப் பிக்கப் வைத்தால் ஒன்றுமே கேட்காது.

விலை கூடிய கிதார்களில் பெரும்பாலும் ஆல்னிகோ காந்தம் இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் இரும்போடு சேர்ந்த கலவை. குறைந்த விலைக் கிதாரில் ஃபெரைட் என்கிற பீங்கான் வகைக் காந்தத்தைப் பட்டையாக அடியில் ஒட்டியிருப்பார்கள். கோபால்ட் விலை கூடியது, ஃபெரைட் மலிவு. சத்தத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் அது சுவை வித்தியாசம். ஃபெரைட்டை மட்டம் என்று ஒதுக்க இயற்பியலில் காரணம் இல்லை. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் நியோடிமியம் என்றொரு தனிமம் உண்டு, இயர்போன் காந்தங்கள் அந்த இனம். அவ்வளவு பலத்த காந்தத்தைக் கிதாருக்குள் வைத்தால் அது கம்பியையே இழுத்துப் பிடித்து அதிர்வைக் கெடுத்துவிடும். பலம் கூடினால் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, கிதாரை ஆம்ப்போடு இணைக்கும் கேபிள். பிக்கப் சுருளுக்குத் தூண்டம், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம் உண்டு, இரண்டு ஹென்றிக்குச் சற்று மேல். கேபிளுக்கு மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் குணம் உண்டு, மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரி தனக்கென்று ஒரு அதிர்வெண்ணில் துள்ளும். 5 மீட்டர் கேபிளில் அந்தத் துள்ளல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், 10 மீட்டர் கேபிளில் 3000 பக்கம் இறங்கிவிடும். அதற்கு மேலே உள்ள சன்னமான ஒலிகள் மங்கிப்போகும். அதாவது, மேடைக்காக நீளக் கேபிள் மாட்டியதுமே லட்ச ரூபாய்க் கிதாரின் குரலும் மாறிவிடுகிறது. நாங்கள் இரண்டு கேபிளையும் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டோம். கிதாரை மாற்றியபோது கேட்ட வித்தியாசத்தை விட, கேபிளை மாற்றியபோது கேட்ட வித்தியாசம் தெளிவாக இருந்தது.

அப்புறம் பிரெட். வீணை செய்பவர் மெழுகு வைத்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு உட்கார வைப்பார். மேளம் கட்டுவது என்பார்கள். பல வருஷம் பழகிய காது இல்லாமல் அது முடியாது. கிதாரில் அந்த வேலையைக் கணக்கு எடுத்துக்கொண்டது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கம்பி நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.4, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் என்ற சிறு கட்டையில் இருந்து முதல் பிரெட் அவ்வளவு தூரத்தில். மீதி நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் 12-ஆவது பிரெட் சரியாகப் பாதியில், 324 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஐந்து பங்கு அளவுக்குச் சுருதி விலகும். நல்ல காதுக்கு அது உறுத்தும்.

இன்று பிரெட் பதிக்கும் பள்ளங்களை அறுப்பது கணினி சொல்படி நகரும் இயந்திரம். அதற்கு விலை கூடிய மரம், குறைந்த மரம் என்ற பேதம் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மலிவுக் கிதாருக்கும் இன்றையதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். ஃபெண்டருக்கு ஸ்குவயர், கிப்சனுக்கு எபிஃபோன் என்று பெரிய கம்பெனிகளே குறைந்த விலைப் பெயர்களில் நம்பி விற்க முடிவதற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் இயந்திரம் அறுத்த பிறகு கைவேலை தொடங்குகிறது. பிரெட்டுகளின் தலையை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், முனைகளை உருட்ட வேண்டும், நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களை அராவ வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. விலை குறைக்க நினைக்கும் தொழிற்சாலை முதலில் கைவைப்பது இங்கேதான்.

மருமகன் பார்த்த கிதாரில் நட் பள்ளம் ஆழம் போதாமல் இருந்தது. விரல் வைக்காத திறந்த கம்பிகள் எல்லாம் டியூனர் ஆப்பில் சரியாக நின்றன. முதல் பிரெட்டில் விரல் வைத்ததும் முள் வலது பக்கம் ஓடியது. காரணம் எளிது: கம்பி உயரத்தில் இருந்தால் பிரெட்டைத் தொட அதைக் கூடுதலாக இழுக்க வேண்டும், இழுவிசை கூடினால் சுருதி ஏறும். முதல் பிரெட்டில் விரல் அழுத்தும் எஃப் கார்டு பிடிக்கும்போதெல்லாம் சுருதி புளிக்கிறது என்று பையன்கள் தங்கள் விரலைக் குறை சொல்லிக்கொள்வார்கள். பல நேரம் குறை அந்த அரை மில்லிமீட்டரில் இருக்கும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. எத்தனை பிள்ளைகள் தங்களுக்கு இசை வராது என்று கிதாரை மூலையில் சாத்தியிருப்பார்கள்!

நம் ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் அதிகம் மாறாது, குறுக்கே ஊதும். அடைமழையில் நிலைக்கதவு இறுகுவது அதனால்தான். கிதார் நெக்கின் முன்பக்கம் வார்னிஷ் இல்லாத ஈட்டி மரமாக இருந்தால், அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துச் சற்றே நீண்டு, அந்தச் சிறு மாற்றத்திலேயே நெக் லேசாகப் பின்னால் வளையும். முதல் சில பிரெட்டுகளில் கம்பி உரசி ‘ஸ்ஸ்’ என்று இரையும். நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அதை எதிர்த்து நெக்கை நிமிர்த்தி வைப்பது இந்த ராட்தான். இதைத் திருக முடிகிறதா, பாதியில் இறுகி நிற்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், பிக்கப்பின் பெயரை விட இதுதான் முக்கியம்.

ஒரு விஷயத்தில் மலிவுக் கிதார் நமக்குக் கூடுதல் வசதி. கிப்சன் தன் கிதார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அடிக்கிறது. மெல்லிய அழகான பூச்சுதான், ஆனால் வியர்வையிலும் புழுக்கத்திலும் பிசுபிசுக்கும். குறைந்த விலைக் கிதாரின் தடித்த பாலியெஸ்டர் பூச்சு ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. கடற்கரை ஊருக்கு அது தோதுதான். உப்புக் காற்றில் கம்பிகள் துருப்பிடிப்பது மட்டும் இரண்டுக்கும் பொது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பிகளைத் துடைத்து வைப்பது நல்லது.

திருவிழா மேடையில் இன்னொரு எதிரி உண்டு. சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாம் சூழ்ந்த இடத்தில் ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 1955-இல் கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்தங்களையும் எதிரெதிராக வைத்தார். வெளியில் இருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். ஹம்பக்கர் என்று பெயர். இன்று அது மலிவுக் கிதாரிலும் கிடைக்கிறது.

சரி, விலை கூடியதை எப்போது வாங்கலாம்? தினமும் மணிக்கணக்கில் வாசிப்பவர், அதிலேயே பிழைப்பவர் தாராளமாக வாங்கலாம். பிரெட் தேய்மானம், டியூனரின் உறுதி, வால்யூம் திருகு கரகரக்காமல் இருப்பது எல்லாம் அவருக்கு அன்றாடம். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பவனுக்கு அந்தப் பணத்தில் ஒரு பகுதி நல்ல ஆம்ப்புக்குப் போவதுதான் நியாயம். கிதார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே சட்டென்று அடங்கிவிடும். கேட்பவர் காதுக்குப் போகும் குரலைக் கடைசியாகச் செதுக்குவது அதுதான்.

மருமகன் ஹம்பக்கர் உள்ள மலிவுக் கிதார் ஒன்றை வாங்கினான். நாகர்கோவிலில் செட்டப் செய்து தரும் ஒருவரிடம் கொண்டுபோனோம். மெல்லிய அரத்தால் அவர் நட் பள்ளத்தை ஒரு இழுப்பு இழுப்பார், கம்பியை ஏற்றி டியூனர் பார்ப்பார், மறுபடி ஒரு இழுப்பு. ஆறு கம்பிக்கும் முக்கால் மணி நேரம். பிரெட் முனைகளை உருட்ட இன்னொரு மணி நேரம். முடிந்ததும் கிதாரை மருமகன் கையில் கொடுத்தார். அவன் முதலில் பிடித்தது எஃப் கார்டு. ஆறு கம்பியையும் மெதுவாக மீட்டிவிட்டு, அது அடங்கும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றான்.