கறுப்பு மட்டும் ஏன் தேய்கிறது?

200 ஆண்டுப் பழைய துருக்கிக் கம்பளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். பல கம்பளங்களில் பூவேலை கைக்குத் தட்டுப்படும். சிவப்பும் நீலமும் மேடாக நிற்க, அவற்றைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோடுகள் வாய்க்கால்போல் பள்ளமாகக் கிடக்கும். யாரும் செதுக்கிய பள்ளம் அல்ல அது. நடந்த கால்கள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலத்தான் மிதித்தன. வேறுபாடு சாயத்தில் இருக்கிறது.

சிவப்பு, மஞ்சிட்டி இனச் செடி ஒன்றின் வேரிலிருந்து வருகிறது. வேர்ச்சாறு மட்டும் கம்பளியில் உறுதியாகப் பிடிக்காது. அதனால் நூலை முதலில் படிகார நீரில் கொதிக்க வைப்பார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு பக்கம் கம்பளியின் புரதத்தையும் மறுபக்கம் அலிசரின் என்ற சாய மூலக்கூற்றையும் பற்றிக்கொள்ளும். பிறகு கழுவினாலும் எளிதில் பிரியாது. நம் சோழமண்டலக் கரையின் துணிகளைச் சிவப்பாக்கிய சாயவேரிலும் இதே அலிசரின்தான் இருக்கிறது!

நீலத்துக்கு அவுரி. அதற்குப் படிகாரம் வேண்டாம். தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் நூல், காற்றுப்பட்டதும் கண்முன்னே நீலமாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

கறுப்புக்குத் துவர்ப்புள்ள காய், பட்டைகளோடு இரும்பு உப்பைச் சேர்த்தார்கள். அங்கேதான் வினை. நூலில் தங்கிய இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் கம்பளியை மெல்ல அரிப்பதற்குத் துணைபோகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இழை மொரமொரப்பாகி, மிதிபட்டு உதிர்கிறது. கம்பளத்தைத் திருப்பினால், மிதிபடாத பின்புறத்தில் அதே கறுப்பு முடிச்சுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஒரே சிவப்புக்குள் பட்டை பட்டையாக நிறம் ஏறி இறங்குவதும் குறையல்ல. கையால் நூற்ற நூல் சாயத்தை ஒரே அளவில் உறிஞ்சாது. ஒரு கொப்பரைச் சாயம் அடுத்ததைப் போல் வராது. ‘அப்ராஷ்’ எனப்படும் இந்த அலையால்தான் பரந்த ஒற்றை நிறம்கூட உயிரோடு தெரிகிறது என்பேன்.

1856-இல் செயற்கைச் சாயம் பிறந்தது. பின்னர் கம்பளங்களுக்கு வந்த தொடக்ககாலச் செயற்கைச் சாயங்கள் பல, வெயிலில் வெளுத்தன, ஈரத்தில் கசிந்தன. 1980களின் தொடக்கத்தில் ஹரால்ட் போமர் என்ற ஜெர்மானிய வேதியியல் ஆசிரியர், பழைய கம்பளங்களின் சாயங்களை ஆராய்ந்து, மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு வடமேற்குத் துருக்கியின் அய்வஜிக் பகுதிக் கிராமங்களில் வேர்ச்சாயத்தை மீட்டெடுத்தார். நெசவுப் பெண்கள் மறுபடி வேர்களைக் கொதிக்க வைத்தார்கள்.

வீட்டில் விரிக்கும்போது ஒன்று கவனியுங்கள். துருக்கி முடிச்சு, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளில் அடுத்தடுத்த இரண்டையும் சுற்றி, நடுவே நுனிகளை நீட்டும். அந்த நுனிகள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால், ஒரு முனையிலிருந்து பார்த்தால் கம்பளம் வெளிறியும் எதிர்முனையிலிருந்து அடர்ந்தும் தெரியும். அறைக்கு எது பிடிக்கிறதோ அப்படிப் போடலாம். ஆனால் சன்னல் வெயில் ஒரே பக்கம் விழாதபடி அவ்வப்போது முனை மாற்றிப் போடுங்கள். பழையதை வாங்கும் முன் இழைகளை விரலால் பிளந்து அடிவரை பாருங்கள்: நுனி வெளுத்து அடி பளிச்சென்றிருந்தால், வெயிலுக்குத் தாங்காத சாயம் என்று சந்தேகிக்கலாம்.