கை ஆடினால் ஆடட்டும், விரலைக் கவனியுங்கள்

தஞ்சாவூரில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் டார்கெட்டைச் சுடுவது, பழக வருகிற பிள்ளைகள், மன்னார்குடியிலிருந்து வந்தாலும் பாபநாசத்திலிருந்து வந்தாலும், முதல் வாரத்தில் சொல்வது ஒன்றுதான்: "சார், கை நிக்கவே மாட்டேங்குது." உடனே பெற்றோர், டம்பெல் வாங்கித் தரட்டுமா என்று கேட்பார்கள். அவசரம் வேண்டாம். ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்த பிஸ்டல் யாருக்குமே அசையாமல் நிற்காது. ஒலிம்பிக்கில் சுடுபவருக்கும் ஆடும், கொஞ்சமாக ஆடும், அவ்வளவுதான்.

குறி கெடுவது வேறு இடத்தில். குறி பார்க்க பிஸ்டலின் மேலே முன்னால் ஒரு சிறு முனையும் (முன் சைட்), பின்னால் பள்ளம் வெட்டிய ஒரு தகடும் (பின் சைட்) இருக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டல் திரும்பாமல், கை மட்டும் 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் விலகும். மணிக்கட்டு திரும்பி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் அதே 1 மி.மீ. ஒதுங்கினால் டார்கெட்டில் அது 30 மி.மீ. ஆகிவிடும். பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். பத்தில் விழ வேண்டிய குண்டு ஏழுக்குப் போய்விடும்.

அதனால் பார்வை முன் சைட்டில் இருக்க வேண்டும். டார்கெட்டின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

மணிக்கட்டைத் திருப்புவது பெரும்பாலும் விரல்தான். சைட் சரியாக வந்துவிட்டது, விட்டால் போய்விடும் என்று படக்கென்று விசையை இழுக்கிறோம். வலது கைக்காரர்களுக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். விரலின் முதல் கணுச் சதையால், நேராகப் பின்னோக்கி, மற்ற விரல்களின் பிடி மாறாமல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போங்கள். கை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றுங்கள். குண்டு போன பிறகும் ஓரிரு நொடி அப்படியே நில்லுங்கள்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, எட்டு நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண் கலங்கும், கை கனக்கும். பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம், இறக்கினால் தோற்றதாக நினைக்கிறார்கள். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். தாராளமாக இறக்கலாம்.

வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, டிரை ஃபயர் நிலையில், அதாவது குண்டு போடாமல், விசையை மட்டும் பழகுங்கள். பெல்லட் (குண்டு) டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பிஸ்டல் காலிதானா என்று ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். அப்புறம், வயலில் கொக்கு சுடப் பழக வேண்டும் என்று வருபவர்களை நான் சேர்ப்பதில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உதயமார்த்தாண்டபுரம், வடுவூர் பறவைகள் சரணாலயங்கள் பக்கத்தில் இருக்க, நம் ஊரில் அப்படிக் கேட்பதே எனக்கு வருத்தம்.

ஒரு குண்டு விலகியதும், சைட்டை நகர்த்தும் திருகைத் திருகாதீர்கள். ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். ஐந்தும் ஒரே பக்கம் கூடி விழுந்தால் திருகைத் தொடலாம். சிதறிக் கிடந்தால் மறுநாளும் வெள்ளைச் சுவர்தான்.