மினுக்கம் மேலே இல்லை

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் அக்கா மகன் சென்ற வாரம், பிள்ளைகள் சேகரித்து மாற்றிக்கொள்ளும் போகிமான் அட்டை ஒன்றை நீட்டி, "மாமா, இது போலியா?" என்று கேட்டான். படக் கட்டத்துக்குள் மட்டும் மின்ன வேண்டிய வெள்ளி, இடப்பக்கம் கட்டத்தைத் தாண்டி மஞ்சள் ஓரத்திலும் ஒரு கீற்றாக மின்னியது. வலப்பக்கமோ படத்தின் விளிம்பில் அதே அகலத்துக்கு ஒரு பட்டை மங்கிக் கிடந்தது. வகுப்பில் ஒருவன்கூட அதை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லையாம். பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் தங்க நிற பிளாஸ்டிக் போலிகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள். சந்தேகம் வருவது நியாயம்தான்.

ஆனால் இது அச்சுப் பிழை. எப்படி நேர்ந்தது என்று புரிய, பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை முதலில் சரிசெய்ய வேண்டும். அட்டையின் மேல் மினுக்கத்தை அச்சடிப்பதில்லை. இந்த வகை அட்டையில் முன்பக்கம் முழுவதுமே மினுக்கம்தான். வேண்டாத இடங்களில் அதை மறைப்பதே அச்சகத்தின் வேலை.

மினுக்கம் எங்கிருந்து வருகிறது? ஸ்ரீபுரம் பொற்கோயிலை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது மஞ்சளாகவே ஒளிரும்; தங்கத்தின் நிறம் தங்கத்திலேயே இருக்கிறது. அட்டையைச் சாய்த்தாலோ சிவப்பு பச்சையாகிறது, பச்சை நீலமாகிறது. அந்த நிறம் எந்த மையிலும் இல்லை. அலுமினியம் பூசிய மெல்லிய படலத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் என்ற கணக்கில் நுண்வரிகள் பதிந்திருக்கின்றன. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் எழுபது, எண்பது வரிகள் அடங்கிவிடும். அடுத்தடுத்த வரிகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒரு கோணத்தில் சிவப்பை வலுப்படுத்துகின்றன, இன்னொரு கோணத்தில் நீலத்தை. பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். பழைய குறுந்தகட்டின் வானவில்லுக்கும் இதுவே காரணம். அதில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி.

இவ்வளவு நுண்ணிய வரிகளை எந்த உளியாலும் செதுக்க முடியாது. ஒளியைக் கொண்டே வரைகிறார்கள். ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒளியுணர் பூச்சின் மேல் மீண்டும் சந்திக்க வைத்தால், இரு அலைகளும் குறுக்கிட்டு வரிவரியாகப் பதிகின்றன. டென்னிஸ் காபோருக்கு 1971-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஹாலோகிராபியின் அடிப்படை இதுவே. சாதாரண வெளிச்சத்தில் வானவில்லாகத் தெரியும் வகையை 1968-இல் ஸ்டீபன் பென்டன் உருவாக்கினார். லேசர் வரைந்த பரப்பின் மேல் மின்முலாம் முறையில் நிக்கலை வளர்த்து உரித்தால் உலோக அச்சு கிடைக்கும். அதை உருளையில் சுற்றி, சூடும் அழுத்தமும் கொடுத்து பிளாஸ்டிக் சுருளில் கிலோமீட்டர் கணக்கில் ஒற்றி எடுக்கலாம். நம் வாக்காளர் அடையாள அட்டையில் ஒட்டியிருந்த ஹாலோகிராமும் இந்த வழியில் பிறந்ததுதான்.

நட்சத்திரமும் புள்ளியுமாக அச்சுருவம் பதிந்த இந்தப் படலத்தைத் தடித்த காகிதத்தில் ஒட்டுவார்கள். வடிவம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து ஒட்டுவதில்லை. அதனால் ஒரே படமுள்ள இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தால் நட்சத்திரங்கள் வெவ்வேறு இடங்களில் விழுந்திருக்கும். இது பிழையல்ல.

பிறகு அச்சு. முதலில் வெள்ளை மை: எழுத்து வரும் பகுதி, ஓரம், சில சமயம் உருவத்தின் உடல் என்று மின்னக் கூடாத இடங்களையெல்லாம் மூடுகிறது. அதன் மேல் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இந்த நிற மைகள் ஒளி ஊடுருவக்கூடியவை. கீழே வெள்ளை இருந்தால் சாதாரணப் படம். வெள்ளை இல்லாத இடத்தில் படலத்தின் மினுக்கம் நிறத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். படலம் மையை உறிஞ்சாது என்பதால் புற ஊதா விளக்கால் மையை நொடியில் உறைய வைக்கிறார்கள்.

இப்போது மருமகனின் அட்டைக்கு வருவோம். வெள்ளை மை, படம் வர வேண்டிய இடத்தை ஜன்னல் போலத் திறந்து விட்டிருக்கும். அந்த வெள்ளை மொத்தமாக இடப்பக்கம் நகர்ந்தால் ஜன்னலும் நகரும். இடப்பக்க மஞ்சள் ஓரம் வெறும் படலத்தின் மேல் விழுந்து மின்னும். வலப்பக்கம் படத்துக்கு அடியில் வெள்ளை புகுந்து மங்கடிக்கும். அரை மில்லிமீட்டர் போதும். தாளைப் பற்றும் பிடி சற்றுத் தளர்ந்திருக்கலாம். இரண்டு அச்சுக்கு நடுவே தாள் ஈரம் வாங்கி விரிந்திருக்கலாம்.

எந்தக் கட்டத்தில் சறுக்கியது என்பதைப் பெரும்பாலும் பிழையே காட்டிக்கொடுத்துவிடும். வளையத்துக்குள் ஒரு புள்ளி தெரிந்தால் அச்சுத் தகட்டில் தூசி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து அட்டையின் துண்டு சேர்ந்து வந்திருந்தால் வெட்டும்போது தாள் விலகியிருக்கிறது; ஒரே தாளில் 11 வரிசைக்கு 11 என்று 121 அட்டைகள் அச்சாவதும் உண்டு. விளிம்பில் பல் பதிந்த வரிகள் இருந்தால், உறையை ஒட்டும் இயந்திரம் அட்டையையும் சேர்த்துக் கடித்துவிட்டது. தகட்டிலேயே தவறு இருந்தால் கதை வேறு, அந்த அச்சு முழுவதும் அப்படியே வரும். 1999-இல் வெளிவந்த 'ஜங்கிள்' என்ற ஆங்கிலத் தொகுப்பின் மினுக்க அட்டைகள், ஒரு பகுதி அச்சில், எந்தத் தொகுப்பு என்று காட்டும் சின்னம் இல்லாமலேயே வந்தது இந்த வகை.

அட்டை வளைவதைப் பிழையில் சேர்க்காதீர்கள். அது வேலூர் வெயிலின் கைவேலை. வறண்ட மே மாதத்தில் காகிதம் ஈரம் இழந்து சுருங்கும், படலம் சுருங்காது, அட்டையின் முகம் புடைக்கும். ஐப்பசி மழையில் காகிதம் விரிந்து எதிர்ப்பக்கம் வளையும்.

சொன்னது சரிதானா என்று பார்க்க, லாங்கு பஜார் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் நண்பரிடம் பையனை அழைத்துப் போனேன். அவர் லென்ஸை வைத்து ஒரு நொடிதான் பார்த்தார். "வெள்ளை தள்ளிவிட்டது, தம்பி" என்றார். இப்படிப்பட்ட அட்டைகளைச் சிலர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று அவன் பெருமையாகச் சொல்ல, அவர் மூலையில் கட்டி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் காட்டினார். மாப்பிள்ளை பெயரின் மேல் விழ வேண்டிய தங்கப் படலம் இரண்டு மில்லிமீட்டர் கீழே விழுந்திருந்தது.

"ஐந்நூறு இருக்கிறது. வாங்குகிறவர் யாராவது இருந்தால் சொல்."