சராசரி ஒன்றுதான், நோய் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பால்வினை நோய்க் கணக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? ஒழுக்கம்தான் காரணமா? எங்கள் செட்டிநாட்டில் அதிகமா, குறைவா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம். ராயவரமும் கோனாப்பட்டும் புதுக்கோட்டை மாவட்டம். அரசுக் கணக்கு மாவட்ட எல்லையோடு நின்றுவிடும். அதற்குள்ளும் ஓட்டைகள் உண்டு. உள்ளூர் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறவர் மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுவார். நோய் அந்த ஊர்க் கணக்கில் சேரும். கர்ப்பிணிகளுக்கெல்லாம் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை செய்கிறார்கள், ஆண்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஆகவே நன்றாகத் தேடுகிற மாவட்டத்தில் எண் ஏறும். தேடாத மாவட்டம் சுத்தமாகத் தெரியும்.

பரிசோதனைக் கருவியின் பிழையும் கணக்கில் புகும். இந்தியாவில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். 10,000 பேரைச் சோதித்தால் 20 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கும். தொற்று இல்லாதவரை 99.5 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவிகூட மீதி 9,980 பேரில் 50 பேரைத் தவறாகக் காட்டிவிடும். அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் ஒரே ரத்தத்தை வெவ்வேறு வகைக் கருவிகளில் மறுபடி சோதித்த பிறகே முடிவு சொல்வது இதனால்தான். ஒரே ஒரு கருவியின் தாளை வைத்து யாரும் இடிந்துபோக வேண்டாம்.

இந்தப் பிழைகளையெல்லாம் கழித்த பிறகும் வேறுபாடு மிஞ்சும். 2021 மதிப்பீட்டில் மிசோரமின் எச்.ஐ.வி. விகிதம் 2.7 சதவீதம், நாட்டுச் சராசரியைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அங்கே போதை ஊசியைப் பகிர்வது ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் முன்பு நாமக்கல் அடிபட்டதற்கு லாரித் தொழில் ஒரு காரணம். ஆனால் ஊசியும் லாரியும் இல்லாத, எல்லா வகையிலும் ஒரே மாதிரியான இரண்டு ஊர்களில்கூட நோய் வேறுபடலாம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஒரு தொற்று நிலைக்குமா, அழியுமா என்பதை மூன்று எண்களின் பெருக்கல் சொல்லும்: ஒரு உறவில் (அதாவது ஒரு துணையோடு) தொற்றும் வாய்ப்பு, ஓராண்டில் எத்தனை உறவுகள், தொற்று உடலில் எவ்வளவு காலம் நீடிக்கிறது. விடை 1-க்கு மேல் போனால் பரவும்; கீழே இருந்தால் அணையும். இது பள்ளிக்கூடக் கணக்கு. நடுவில் உள்ள எண்ணுக்குச் சராசரியைப் போடக்கூடாது என்பதுதான் சூட்சுமம்.

செட்டிநாட்டுத் தெரு ஒன்றில் கல்யாணம். பத்து வீடுகள். ஒன்பது வீடுகளில் தலா இரண்டு விருந்தாளிகள், இரண்டு கட்டு தாண்டி நீளும் பெரிய வீட்டில் மட்டும் 82 பேர். மொத்தம் 100, வீட்டுக்குச் சராசரி 10. இப்போது வீடுகளை விட்டுவிட்டு விருந்தாளிகளைக் கேளுங்கள்: "நீங்கள் தங்கிய வீட்டில் எத்தனை பேர்?" 82 பேர் "82" என்பார்கள், 18 பேர் "2" என்பார்கள். பதில்களின் சராசரி 67.6. தெரு அதேதான், ஆட்களும் அவர்களேதான். கேட்ட இடம் மாறியதும் 10 போய் 67.6 வந்துவிட்டது. கிருமி வீடு வீடாக எண்ணுவதில்லை. அது உறவின் வழியாகப் போகிறது, ஆகவே உறவுகள் அதிகம் உள்ளவரிடம்தான் அதிகமாகப் போய்ச் சேரும்.

தொற்றுநோய்களைக் கணிதத்தால் ஆராய்ந்த ராய் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும் 1980களில் எச்.ஐ.வி. பரவலுக்கு எழுதிய சமன்பாட்டில் இதுதான் இருக்கிறது: சராசரியோடு, பரவற்படியை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவை) சராசரியால் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். ஆயிரம் பேர் கொண்ட இரண்டு கற்பனை ஊர்களில் போட்டுப் பார்ப்போம். முதல் ஊரில் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு துணைகள். இரண்டாம் ஊரில் 950 பேருக்கு ஒரே துணை, 50 பேருக்கு 21. இரண்டு ஊரிலும் சராசரி 2. ஆனால் கிருமிக்கு முதல் ஊர் 2, இரண்டாம் ஊர் 11.5.

வெட்டை நோய் (கொனோரியா) ஒரு உறவில் தொற்றும் வாய்ப்பைப் பாதி என்றும், சிகிச்சை இல்லாமல் மூன்று மாதம், அதாவது கால் ஆண்டு, நீடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஊரின் விடை 0.25, நோய் தானே மறையும். இரண்டாம் ஊரின் விடை 1.44, நோய் குடியேறிவிடும். அந்த ஊரில் 95 சதவீதம் பேர் ஒரே துணையோடு வாழ்கிறவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஊரின் ஒழுக்கத்தை நோய் எண்ணிக்கையால் அளப்பது அறிவில்லாத வேலை என்று அழுத்திச் சொல்கிறேன்.

அதே இரண்டாம் ஊரில் சிகிச்சை ஒரு மாதம் முந்தினால்? மூன்று மாதம் இரண்டாகிறது, விடை 0.96. நோய் தேயத் தொடங்குகிறது. துணைகளின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. நோயாளி மருத்துவரிடம் வந்த நாள் மட்டும்தான் மாறியது. மாவட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த ஒரு மாதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த மாதம் எங்கே தொலைகிறது? ஆண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாளில் எரிச்சலும் சீழும் தெரிந்துவிடும். "உடம்புச் சூடு" என்று இளநீரும் வெந்தயமும் குடித்துக் காத்திருப்பார்கள். பிறகு லாட்ஜில் அறை எடுத்து "ஆண்மை" சிகிச்சை தருகிறவரிடம் பணத்தைக் கொடுப்பார்கள், அல்லது மெடிக்கல் ஷாப்பில் நான்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை வாங்குவார்கள். அந்த மருந்துக்கு இந்தக் கிருமி பழகிப் பல காலமாயிற்று. பெண்களிலோ பலருக்கு அறிகுறியே தெரியாது. தெரிந்தாலும் சாதாரண வெள்ளைப்படுதல் என்று விட்டுவிடுவார்கள். கருக்குழாய் வரை ஏறினால் பிள்ளைப்பேறே பாதிக்கப்படும்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தில், சீழ் வடியும் ஆணுக்குச் சாம்பல் நிறப் பொதியில் செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் 1 கிராமும் ஒரே வேளையாகத் தருவது நெடுநாள் வழக்கம். இரண்டாவது மருந்து கூடவே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றுக்கு. ஏழு நாள் உறவு கூடாது, எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது துணைக்கான சிகிச்சையில். துணையும் மருந்து சாப்பிடாவிட்டால் நோய் திரும்பி வரலாம்.

துணையை அழைத்து வருவதில் இன்னொரு பயனும் உண்டு. நம் இரண்டாம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொட்டால், அவர் அந்த 50 பேரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பு 5 சதவீதம். யாரோ ஒருவரின் துணையைத் தொட்டால், உறவுகள் கலந்து நடக்கும் பட்சத்தில், வாய்ப்பு 52.5 சதவீதம். எந்தத் தெருவையும் எந்தச் சமூகத்தையும் சுட்டாமல், சங்கிலியில் ஒரு கண்ணி பின்னால் போனாலே பரவலின் மையத்துக்கு மருந்து சேர்ந்துவிடுகிறது. நோயைப் பரப்பிய அதே கணிதம் இங்கே மருந்துக்கு வேலை செய்கிறது.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், அது தவறான இடத்தில் செலவாகிறது என்பது என் ஆதங்கம். வெட்டை நோய்க் கிருமி உடலுக்கு வெளியே உலர்ந்தால் விரைவில் செத்துவிடும். வளர்த்துப் பார்க்கச் சாக்லேட் அகார் (சூடாக்கிய ரத்தம் கலந்த வளர்ப்பூடகம்) தட்டும், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த 35 முதல் 37 டிகிரி அடைகாப்புப் பெட்டியும், 24 முதல் 48 மணி நேரமும் தேவை. தாலுகா ஊரில் எடுத்த மாதிரி, தொலைவில் உள்ள ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பயனற்றதாகிவிடும். எந்த மருந்து இங்கே வேலை செய்கிறது என்பதைப் பெருநகர மாதிரிகளை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விளம்பரப் பலகைகளுக்கு ஆகும் தொகையில் ஒரு பங்கை மாவட்டத்துக்கு ஓர் அடைகாப்புப் பெட்டிக்கும் அதை இயக்கத் தெரிந்த ஒரு நுட்பருக்கும் ஒதுக்கலாம்.

சந்தேகம் உள்ளவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். மையத்துக்குப் போகும்போது ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தைத் தேர்வு செய்ய அது உதவும்.