கறுப்பு டிரஃபிள்: கன்றுக்குப் பணம் கட்டும் முன் வேரைப் பாருங்கள்

கறுப்பு டிரஃபிள் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைத்தான். கிலோ என்ன போகும், ஏக்கருக்கு எவ்வளவு எடுக்கலாம், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மேன்ஜிமப் பகுதியில் உள்ள டிரஃபிள் தோட்டங்களுக்கு மண்ணையும் வேரையும் பரிசோதித்துச் சொல்வது என் வேலை. அதனால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு: கன்று எங்கே வாங்குகிறீர்கள், அதன் வேரைப் பார்த்தது யார்? பெரும்பாலானவர்களிடம் இதற்குப் பதில் இருப்பதில்லை. நாற்றங்கால்காரர் காட்டிய பச்சை இலையைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டியிருப்பார்கள்.

நான் சொல்வது பேக்கரியில் விற்கும் சாக்லேட் டிரஃபிள் அல்ல. டியூபர் மெலனோஸ்போரம் என்ற பூஞ்சை மண்ணுக்கடியில் விளைவிக்கும் காளான் இது. தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் சுண்ணாம்பு நிலங்கள்தான் இதன் தாயகம். ஓக், ஹேசல் போன்ற மரங்களின் மெல்லிய வேர்நுனிகளைப் போர்த்திக்கொண்டு, மரத்துக்கு நீரும் தாதுச்சத்தும் தேடிக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கி வாழ்கிறது. மரம் இல்லாமல் இதை வளர்க்க முடியாது. உர மூட்டையில் கிடைக்கும் ‘வேம்’ (VAM) என்ற வேர்ப்பூஞ்சை உரம் போட்டால் போதாதா என்று நம் ஊர் விவசாயிகள் கேட்பதுண்டு. அது வேறு வகைப் பூஞ்சை, வேரின் செல்லுக்குள்ளே நுழைந்து வாழ்வது. டிரஃபிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் வொக்லூஸ் பகுதியில் ஜோசப் தலோன் என்ற விவசாயி, டிரஃபிள் கிடைக்கும் ஓக் மரங்களின் விதைகளை விதைத்தார். வளர்ந்த மரங்களின் அடியிலும் டிரஃபிள் கிடைத்தது. கார்பந்த்ராவைச் சேர்ந்த ஒகுஸ்த் ரூசோ அதே வழியில் 1847-ல் சுமார் 7 ஹெக்டேரில் ஓக் வைத்தார். பிறகு ஃபிலோக்சேரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, வெறுமையாகக் கிடந்த நிலங்களில் டிரஃபிள் ஓக் பரவியது. அப்போதெல்லாம் அந்த மண்ணிலேயே பூஞ்சை இருந்தது. வேரில் பூஞ்சையை ஏற்றிய கன்றை நாற்றங்காலில் தயாரித்து விற்பது பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனமான இன்ராவின் முயற்சியால் 1970-களில்தான் வந்தது. இன்று உலகெங்கும் நடப்படும் கன்றுகள் அந்த முறையில் வந்தவை. ஏமாற்றத்துக்கும் கவனக்குறைவுக்கும் இடம் இருப்பதும் அங்கேதான்.

கன்று தயாராகும் முறையைச் சொன்னால் காரணம் புரியும். முற்றிய டிரஃபிள்களை அரைத்துக் கூழாக்கி, கிருமிநீக்கிய மண்கலவையில் இளங்கன்றின் வேரில் சேர்ப்பார்கள். அந்தக் கூழில் வேற்றின டிரஃபிள் ஒன்று கலந்தாலும் முழுத் தொகுதியும் கெடலாம். டியூபர் புரூமாலே என்ற மலிவான இனம் தோற்றத்தில் கிட்டத்தட்ட இதேதான். சீனாவிலிருந்து வரும் டியூபர் இண்டிகமோ இன்னும் நெருக்கமான ஜாடை. மணம் மட்டும் மிகக் குறைவு. கூடையில் கலந்துவிட்டால் பழகிய கண்ணே தடுமாறும். இத்தாலியின் பியத்மாந்த் பகுதியில், கறுப்பு டிரஃபிளுக்காக நட்ட தோட்டம் ஒன்றின் வேர்களில் சீன இனம் குடியேறியிருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மரம் செழிப்பாகவே நிற்கும், விவசாயியும் வருடக்கணக்கில் காத்திருப்பார். மண்ணுக்குள் இருப்பது வேறு என்பது வெளியே தெரியாது. இவை தவிர, நாற்றங்காலின் ஈரத்தில் தானாக வந்து வேர்நுனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஸ்ஃபேரோஸ்போரெல்லா போன்ற பூஞ்சைகளும் உண்டு.

நுண்ணோக்கியில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கறுப்பு டிரஃபிள் போர்த்திய வேர்நுனி சற்றே தடித்து, பழுப்பு நிறத்தில் இருக்கும். அதன் மேலுறையின் செல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட வளைவான விளிம்புகளோடு தெரியும். அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய இழைகள் ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைக்கும். புரூமாலேவின் இழைகள் நேராக, ஊசிபோல நீட்டி நிற்கும். சந்தேகம் வந்தால் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பிவிடுவோம். ஒரு தொகுதியிலிருந்து சில கன்றுகளை எடுத்து, வேரைக் கழுவி வெட்டி எண்ண வேண்டும். சோதித்த கன்றுகள் அதோடு போய்விடும். அந்த நஷ்டத்துக்கு யோசிக்காதீர்கள். ‘நாங்களே சோதித்துவிட்டோம்’ என்று விற்பவர் நீட்டும் தாளையும் ஏற்காதீர்கள். விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வகம் ஒன்று, நீங்கள் வாங்கப்போகும் அதே தொகுதியைச் சோதித்துத் தர வேண்டும். இதற்கு ஒப்பாத நாற்றங்காலில் நான் ஒரு கன்றுகூட வாங்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது மண். பி.எச். 7.5-லிருந்து 8.5-க்குள், நீர் தேங்காத சுண்ணாம்பு மண் வேண்டும். மேன்ஜிமப் மண்ணோ இயற்கையில் அமிலத்தன்மை உடையது. இங்கே 1997-ல் நடவு தொடங்கி 2003-ல் முதல் டிரஃபிள் கிடைத்ததென்றால், அதற்குப் பின்னால் ஹெக்டேருக்குப் பல பத்து டன் சுண்ணாம்பைக் கொட்டி உழுது கலந்த உழைப்பு இருக்கிறது. அதில் ஒரு நன்மையும் கிடைத்தது. சுற்றியுள்ள யூகலிப்டஸ் காட்டின் வேர்ப்பூஞ்சைகள் அமில மண்ணுக்குப் பழகியவை. சுண்ணாம்பு மண்ணில் அவற்றின் போட்டி குறைகிறது. காடு அழித்த நிலத்தில் உடனே நடுவதை நான் தடுப்பதும் இதே காரணத்தால்தான். பழைய மரவேர்களில் போட்டிப் பூஞ்சைகள் காத்திருக்கும். தானியம், திராட்சை, லாவண்டர் விளைந்த நிலம் பாதுகாப்பானது. தொழுவுரம், பாஸ்பரஸ் உரம் எதையும் நல்லெண்ணத்தில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சத்து தாராளமாகக் கிடைத்தால் மரத்துக்குப் பூஞ்சையின் துணை தேவைப்படாது.

நட்டபின் பராமரிப்பில் கடினமான வேலை குறைவு, கவனம் அதிகம். முதல் வருடங்களில் களை எடுக்க வேண்டும். வசந்தத்தின் தொடக்கத்தில் மேலாக மட்டும் மண்ணைக் கிளறிவிட வேண்டும். காலம் தாழ்த்தினால் அப்போதுதான் உருவாகும் பிஞ்சுகள் சிதையும். சில வருடங்களில் மரத்தைச் சுற்றிப் புல் காய்ந்து தரை வெறிச்சிடும். மரத்துக்கு நோய் என்று பயந்து மருந்தடிக்க ஓடாதீர்கள். பூஞ்சை பரவி மற்றச் செடிகளை அடக்குவதால் வருவது அது. நல்ல அறிகுறிதான், ஆனாலும் விளைச்சலுக்கு உத்தரவாதம் இல்லை. கோடையில் தண்ணீர் முக்கியம். ஐரோப்பாவில் ஜூலை, ஆகஸ்ட் மழை பொய்த்தால் அந்தக் குளிர்கால அறுவடை சரிந்துவிடும். ஸ்பெயினின் தெருயெல் மாகாணத்தில் சாரியோனைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் தோட்டங்கள் பெருகியதில் பாசனத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

இந்தப் பூஞ்சையில் இரண்டு இணைவகைகள் உண்டு என்பது சமீப காலத்தில் தெரியவந்த செய்தி. இரண்டும் சேர்ந்தால்தான் டிரஃபிள் உருவாகும். ஆனால் ஒரு மரத்தின் வேரில் காலப்போக்கில் ஏதோ ஒரு வகையே ஆதிக்கம் பெறுகிறது. அதனால் மற்ற வகையும் கிடைக்கட்டும் என்று, மரத்தடியில் சிறு குழி தோண்டி, டிரஃபிள் வித்துகளைக் கலந்த பீட் (சதுப்புநிலத்து மட்கு) நிரப்பும் பழக்கம் ஸ்பெயினில் பரவியிருக்கிறது. அந்தக் குழிகளில் பெரிய, நல்ல உருவமுள்ள டிரஃபிள்கள் கிடைப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தாலும் முதல் டிரஃபிளுக்கு ஐந்து முதல் பத்து வருடம் பிடிக்கும். சில தோட்டங்கள் விளையாமலே போவதும் உண்டு. விளைந்தால் பழக்கிய நாயைக் கொண்டு தேட வேண்டும். முற்றியதன் மணத்தை நாய் காட்டிக் கொடுக்கும், பிஞ்சு மணக்காது. மண்வெட்டியால் தோட்டம் முழுக்கக் கிளறுகிறவர் அடுத்த வருட விளைச்சலையும் சேர்த்து இழக்கிறார்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளருமா என்று தமிழ்நாட்டிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். அந்த மலைகளின் மண் அமில மண். தேயிலை அங்கே செழிக்கக் காரணமே அதுதான். பருவமழையும் அதிகம். ஊட்டியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. டிரஃபிளுக்கோ வெயில் காயும் கோடையும் உறைய வைக்கும் குளிரும் மாறி மாறி வேண்டும். இந்தியாவில் டிரஃபிள் இயற்கையாகவே இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னால் அது உண்மைதான்: முசோரியில் கிடைத்ததை வைத்து 1892-ல் விவரிக்கப்பட்ட இனம் டியூபர் இண்டிகம். சீனாவிலிருந்து வருவதாக மேலே சொன்ன, மணம் குறைந்த அதே இனம். அதைக் காட்டி விலையுயர்ந்த இனத்தின் கன்றை விற்றால் வாங்காதீர்கள். நிலத்தை அடகு வைத்து இதில் இறங்க நினைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்கிறேன்.

எங்கே இருந்தாலும், ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் பத்து வருடம் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மரத்தடியில் மேல்மண்ணை மெதுவாக விலக்கி, நூல்போன்ற புதுவேர்களைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுங்கள். பல மரங்களிலிருந்து தனித்தனியாக எடுத்து, ஈரம் காயாமல் பையில் கட்டி, எந்த மரம் என்று எழுதி, வெயில் படாமல் வேர்ப்பூஞ்சையைப் பிரித்தறியத் தெரிந்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டாம் வருடத்திலேயே இதைச் செய்துவிடலாம்.