நாலு தென்னைக்கு நடுவில்

ஆனைமலைப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. மரங்களுக்கு இடையில் ஊடுபயிராக, சாக்லேட்டுக்கு விதை தரும் கோகோ வைக்கலாமே என்று போன வருடம் பேச்செடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மரத்துக்கு விடற தண்ணியவும் எருவையும் அது குடிச்சுட்டா, நீ வந்து காய் குடுப்பியா சாமி?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் மண்ணுக்குள் இருந்தது. அன்றைக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அதன் ஓரமாகவே நடந்து பார்த்தோம். மரத்துப் பக்கத்தில் சுண்டுவிரல் மொத்தத்தில் வேர்கள் கத்தை கத்தையாகத் தெரிந்தன. எட்டடி தள்ளிப் போனால் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

தென்னையும் புல், நெல், வாழை சேர்ந்த ஒருவித்திலைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்பும். ஆனாலும் நன்றாகப் பராமரித்த தோப்பில் அவற்றில் முக்கால்வாசி, மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். ஆழத்தில் பார்த்தால் பெரும்பகுதி ஒரு அடிக்குக் கீழே, நாலடிக்கு மேலே.

இதை வைத்துக் கணக்குப் போடலாம். 25 அடிக்கு 25 அடி நட்டால் ஏக்கருக்கு 70 மரம். ஒரு மரத்தின் பங்கு 625 சதுர அடி. வேர் மும்முரமாக வேலை செய்கிற வட்டமோ ஏறக்குறைய 135 சதுர அடி. அதாவது ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். மிச்ச இடத்தில் புல்லை வளரவிட்டு, அதைக் காசு கொடுத்து உழுதுகொண்டிருக்கிறோம்.

நாலு மரத்துக்கு நட்ட நடுவில் கோகோ வைத்தால் எந்த மரத்திலிருந்தும் 17 அடிக்கு மேல் தள்ளி நிற்கும். கோகோவுக்கு ஆணிவேர் உண்டு என்றாலும், உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் பரவும். தென்னை வேர் உறிஞ்சுவது அதற்கும் கீழே. மாடியில் ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம் மாதிரி.

அடுத்தது வெளிச்சம். இதில் மரத்தின் வயதுதான் எல்லாம். கன்றாக இருக்கும்போது தோப்பு முழுக்க வெயில், கடலை கூடப் போடலாம். எட்டு வயதுக்கு மேல் மட்டைகள் அகலமாக விரிந்து, உயரமும் போதாமல், தரையை மூடிவிடும். அந்தக் காலத்தில் கீழே வருவது ஐந்தில் ஒரு பங்கு வெயில்தான். 25 வயது தாண்டினால் கொண்டை உயரப் போய்விடும். சாய்வெயில் உள்ளே வர ஆரம்பிக்கும், வருடம் ஏற ஏற வெளிச்சமும் ஏறும். அமேசான் காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்து பழகிய கோகோவுக்கு இந்தச் சல்லடை வெயில் போதும். ஜாதிக்காயும் நிழலுக்குப் பழகிய மரம்தான். பக்கத்துத் தோப்பில் வைத்தது பிடித்துக்கொண்டதே என்று பத்து வயதுத் தோப்பில் கண்டதையும் வைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு, பெரியப்பா அடுத்த பட்டியலை எடுத்தார். இங்கேதான் எனக்குப் பேச்சு நின்றது. ஏனென்றால் அதிலும் அறிவியல் இருந்தது.

காய்ந்த மட்டை சொல்லிவிட்டு விழுவதில்லை, கோகோக் கிளையை முறித்துக்கொண்டு இறங்கும். தேங்காய் வெட்டுப் போடும்போது காய் கோகோச் செடிக்குள் விழுந்தால் பொறுக்க ஆள் கூலி கூடும். அணிலும் எலியும் கோகோக் காயை ஓட்டை போடும். மழைக்காலத்தில் கோகோக் காயைக் கருகவைக்கும் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற நுண்ணுயிரிதான் தென்னையில் குருத்தழுகலுக்கும் காரணம். கோகோவைக் கவாத்து செய்யாமல், அதாவது கிளையைக் கழிக்காமல், அடர்த்தியாக விட்டால் ஈரம் தேங்கி அதற்குக் கொண்டாட்டம்.

அப்புறம் வெள்ளை ஈ. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டதே 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான். மட்டையின் அடியில் உட்கார்ந்து சாறு குடித்துவிட்டுத் தேன் போன்ற கழிவைச் சொட்டவிடும். அது கீழே இருக்கும் கோகோ, வாழை இலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூஞ்சை ஏறும். பெரியப்பா ஒரு வாழை இலையைத் தேய்த்து விரலைக் காட்டினார். அடுப்புக்கரி தொட்ட மாதிரி இருந்தது. ஐந்தில் ஒரு பங்காக வருகிற வெளிச்சத்தையும் இந்தக் கரி மறைத்தால் செடி என்னத்தைச் சமைக்கும்?

தண்ணீர்க் கணக்கு இன்னும் கறார். போர்வெல் வற்றினால் தென்னை குரும்பையை உதிர்த்துவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்ளும். கோகோ அத்தனை நாள் தாங்காது. மிளகுக் கொடி ஏற்றலாம் என்றேன். "காய் போட ஏறறவன் காலை எங்க வப்பான்?" என்று கேட்டு அதையும் முடித்துவிட்டார்.

கடைசியில் கிணற்றை ஒட்டிய முக்கால் ஏக்கரில், முப்பது வயது மரங்களுக்கு இடையில் மட்டும் கோகோ வைத்திருக்கிறார். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. காலியாக விட்ட வரிசையில் டிராக்டர் போகும், வெட்டுக் காயும் அந்தப் பக்கமாகத்தான் விழவேண்டும் என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். போன மாதம் போனபோது இரண்டு செடி மட்டை விழுந்து ஒடிந்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் வேறு நாற்று வைத்துக்கொண்டிருந்தார்.